கறுப்பு டை மேல் செம்பு கலர்: வேர் ஆரஞ்சு, மிச்சம் அப்படியே கறுப்பு. என்ன செய்யலாம்?

கேள்வி:
இருப்பது டொராண்டோவில். இலையுதிர் காலத்துக்கு முடியைச் செம்பழுப்பாக்கலாம் என்று 6.4 கலர் கிரீமை (புள்ளிக்கு முன் எண் நிறத்தின் அளவு, கூடினால் வெளிர்; பின் எண் சாயல், இதில் செம்பு) 20 வால்யூம் டெவலப்பரில் கலந்து, வேர் முதல் நுனி வரை 35 நிமிடம் வைத்தேன். வேரில் ஓர் அங்குலம் பளீர் ஆரஞ்சு. கீழே துளி மாற்றமில்லை. அங்கே ரெண்டு வருஷமாகக் கறுப்பு பாக்ஸ் டை. 30 வால்யூமில் மறுபடி போட்டால் பிடிக்குமா?

பதில் 1:
பிடிக்காது. டை டையை எடுக்காது. டெவலப்பரில் இருக்கும் பெராக்சைடு (20 வால்யூம் 6%, 30 வால்யூம் 9%) உங்க இயற்கை நிறமியை வெளுக்கும். உள்ளே இறுகிப்போன கறுப்புச் சாயத்தை அசைக்காது. 30 போட்டால் வேர் இன்னும் வெளுக்கும், கீழே அதே கறுப்புதான்.

வேரில் டை படாத புது முடி, கூடவே தலைச்சூடு. அதான் அங்கே வேகம். கறுப்பு முடி வெளுக்கும்போது முதலில் சிவப்பு, அடுத்து ஆரஞ்சு தெரியும். அதன் மேல் செம்புச் சாயமும் ஏறினால் பளீரென்றுதான் வரும். வேரை இப்போ தொடாதீங்க. சரிபண்ண வேண்டியது நீளத்தை.

கேட்டவர்:
அப்போ ப்ளீச்சா, கலர் ரிமூவரா? நடுவில் ஒருமுறை "கறுப்பு மருதாணி" பொடியும் போட்டதுண்டு.

பதில் 2:
அந்தப் பொடிதான் பயம். சிலவற்றில் உலோக உப்பு இருக்கும். பெராக்சைடு பட்டால் சூடேறி முடி பொடிந்துவிடும். உதிர்ந்த முடியைச் சேர்த்துக் கண்ணாடிக் கிண்ணத்தில் 20 வால்யூம் டெவலப்பர் 20 மி.லி., அமோனியா 1 மி.லி. கலந்து 30 நிமிடம் போட்டுப் பாருங்க. கையுறை அவசியம், ஜன்னல் திறந்திருக்கட்டும். நுரைத்தாலோ, சூடானாலோ, சட்டென்று நிறம் மாறினாலோ எந்த ரசாயனமும் வேண்டாம். அந்த முடி வளர்ந்து வெட்டுப்படும் வரை காத்திருங்க.

பதில் 1:
சோதனையில் ஒன்றும் ஆகவில்லை என்றால் ரிமூவர். ப்ளீச் வேண்டாம், திட்டுத்திட்டாகத்தான் எடுக்கும். கண்டிஷனர் போடாத, உலர்ந்த முடியில் கறுப்புப் பகுதிக்கு மட்டும் தடவி, பிளாஸ்டிக் தொப்பி போட்டு, பெட்டியில் சொன்ன நேரம் வையுங்க. அழுகின முட்டை வாடை அடிக்கும்.

எல்லாரும் கோட்டைவிடுவது அலசலில். ரிமூவர் சாயத்தைச் சின்னதாக்கும், அவ்வளவுதான். அது தண்ணீரோடு வெளியே போகணும். மிச்சம் நின்றால் காற்றில் மறுபடி பெருகி ஓரிரு நாளில் கறுத்துவிடும். பெட்டியில் போட்ட நிமிடத்துக்குக் குறையாமல் ஓடும் வெந்நீரில் அலசுங்க.

கேட்டவர்:
அதுக்கப்புறம் எந்த நம்பர்?

பதில் 2:
ரிமூவர் பட்ட முடி சாயத்தைக் கூடுதலாக இழுக்கும். இலக்கு 4 என்றால் 5 எடுங்க, அதுவும் டெமி பெர்மனென்ட் (சில வாரங்களில் மெல்ல மங்கும் மென்மையான சாயம்). 5.0 இரண்டு பங்கு, 5.1 ஒரு பங்கு. 5.1இல் உள்ள நீலச்சாயல் ஆரஞ்சை அடக்கும், முழுக்க 5.1 போட்டால் பாசி படிந்த மாதிரி மங்கும். முதலில் வேர், 10 நிமிடம் கழித்து நீளம். 5 நிமிடத்துக்கு ஒருதரம் ஒரு கற்றையைத் துடைத்துப் பாருங்க. 48 மணி நேரம் முன்பே காதுக்குப் பின்னால் தடவி அலர்ஜி பார்த்துவிடுங்க.

பதில் 3:
பிராண்ட் மாறினால் நம்பரும் மாறும். லோரியாலில் .4 செம்பு, வெல்லாவில் /4 சிவப்பு. பெட்டியில் நிறப் பெயரையும் படிச்சிட்டு வாங்குங்க.