முதல் ஓவியம் வாங்கப் போகிறேன், கொஞ்சம் வழி சொல்லுங்கள்

மெல்பர்ன் நண்பர்களே, ஓர் உதவி. ஃபிட்ஸ்ராயில் எங்கள் தெருமுனையில் சின்னதாக ஓர் ஆர்ட் கேலரி இருக்கிறது. இன்றைய ஆஸ்திரேலிய ஓவியர்களின் படங்களை மட்டும் விற்கிறார்கள். ரொட்டி வாங்கப் போகும்போதெல்லாம் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பேன். போன சனிக்கிழமைதான் துணிந்து உள்ளே போனேன். யாரும் விரட்டவில்லை!

ஒரு படத்தில் மனம் சிக்கிவிட்டது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வடகிழக்கே உள்ள யுடோப்பியா பகுதிப் பூர்வகுடிப் பெண் ஒருவர் வரைந்தது. புகழ்பெற்ற பூர்வகுடி ஓவியர் எமிலி காமே நுங்வாரேயின் ஊர்ப்பக்கம்தான் அது. விலை 1,800 டாலர், மூன்று தவணையில் தரலாமாம்.

பேரம் பேசலாமா? விலையில் 40, 50 சதவீதம் வரை கேலரிக்கே போவது வழக்கம் என்கிறார்கள். நான் குறைத்துக் கேட்டால் அது ஓவியரின் பங்கில் கை வைப்பதாகிவிடுமோ என்றுதான் தயக்கம்.

அப்புறம், படம் அசல்தான் என்று காட்டும் சான்றிதழ். பூர்வகுடிக் கலை மையம் தரும் தாளும் கேலரி தானே அச்சடித்துத் தரும் தாளும் ஒன்றா? வாங்கியவர்கள் வேறு என்னென்ன கேட்டு வாங்கினீர்கள்? பின்னால் 1,000 டாலருக்கோ அதற்கு மேலோ மறுவிற்பனையானால் 5 சதவீதம் ஓவியருக்குப் போக வேண்டும் என்று 2010 முதல் சட்டம் இருக்கிறது. விற்கும் எண்ணம் இல்லை, ஆனாலும் காகிதங்கள் ஒழுங்காக இருக்கட்டுமே.

கடைசியாக, வாடகை வீடு. சுவரில் ஆணி அடிக்க அனுமதியில்லை. ஒரு மீட்டர் அகலப் படத்தை எப்படி மாட்டுகிறீர்கள்? வெள்ளிக்கிழமை வரை எனக்காக எடுத்து வைத்திருக்கிறார்கள், அதற்குள் சொன்னால் நல்லது.