மேத்யூ சூறாவளி, ஹைட்டி, அக்டோபர் 2016: நேரில் கண்டவர்கள் எழுதலாம்

தண்ணீர்க்குழாய் எழுதியது:

அக்டோபர் 3ஆம் தேதி மாலை, லே காய் நகரின் கடலோரக் குடியிருப்பான லா சவானில், குடிமைப் பாதுகாப்புத் தொண்டர்களோடு ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தேன். நான் குடிநீர்ப் பணிக்காக அங்கே சென்றிருந்தவன். மேத்யூ அப்போது நான்காம் வகைச் சூறாவளியாக ஹைட்டிக்குத் தெற்கே கடலில் இருந்தது, மறுநாள் காலை கரையேறியது. மழை பிடித்துவிட்டது. கடல்நீர் சாக்கடை வழியாக எதிரேறித் தெருவில் கணுக்கால் அளவு நின்றது.

ஒரு வீட்டு வாசலில் வயதான அம்மா ஒருவர் ஆட்டுக்கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடுங்கள் என்று சொன்னோம். அவர் எழுந்திருக்கவில்லை. கூரையைக் காட்டி, பதினொரு தகடுகள் இருக்கின்றன, உங்கள் வண்டியில் ஏற்றிக்கொள்வீர்களா என்று கேட்டார். கூரைத் தகட்டுக்கு அவர்களுடைய கிரியோல் மொழியில் உள்ள சொல் நம் காதுக்குத் 'தோல்' என்றே கேட்கும். முதலில் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உயிர் இருந்தால் தகடு எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நான் சொன்னேன். எங்களோடு வந்த உள்ளூர் இளைஞர் என் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, அவரிடம் மிகச் சுருக்கமாக ஏதோ சொன்னார். அவர் தலையசைத்தார், ஆனால் வரவில்லை. எங்களுக்கு இன்னும் நாற்பது வீடுகள் மீதமிருந்தன.

இரவு, பள்ளிக்கூடத்தின் தாழ்வாரத்தில் காற்று ஊளையிடத் தொடங்கிய பிறகு, அந்த இளைஞர் தானாகவே என்னிடம் சொன்னார்: "நீங்கள் சொன்னதை நான் அவரிடம் சொல்லவில்லை. தயவுசெய்து வாருங்கள் பாட்டி என்று மட்டும்தான் சொன்னேன்." அந்த வாக்கியத்தை மொழிபெயர்க்க அவருக்கு நா எழவில்லை. புயலின் ஓசைகூட எனக்கு மங்கிவிட்டது, இது மட்டும் மங்கவில்லை.

இரண்டாம் அதிகாரி எழுதியது:

நான் பார்த்தது கரையிலிருந்து அல்ல. மேத்யூ செப்டம்பர் 30ஆம் தேதி இரவு மிகக் கடுமையான ஐந்தாம் வகையை எட்டியபோது எங்கள் சரக்குக் கப்பல் ஜமைக்காவின் கிங்ஸ்டன் துறைமுகத்தில் இருந்தது. மறுநாள் இரவு புறப்பட்டு, அதன் வழியிலிருந்து விலகி வடக்கே ஓடிவிடுவது என்று முடிவாயிற்று. அக்டோபர் 2ஆம் தேதி காலை ஹைட்டியின் மேற்கு முனையிலுள்ள டாம் மாரி அருகே வந்தோம். காற்று பெரிதாக இல்லை, ஆனால் தெற்கிலிருந்து நீளமான, கனத்த அலைகள் உருண்டு வந்தன. கடலில் பழகியவர்களுக்கு அந்த அலையே போதும், அடிவானத்துக்கு அப்பால் என்ன நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

கப்பலைச் செலுத்தும் எங்கள் மேலறையில் செயற்கைக்கோள் வழி எச்சரிக்கை ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அச்சாகிக்கொண்டே இருந்தது. அரை மைல் தூரத்தில், கரிமூட்டைகளை ஏற்றிய மரப் பாய்மரப் படகு ஒன்று, ஒட்டுப்போட்ட பாயோடு கிழக்கே போயிற்று. மலையில் சுட்ட கரியைத் தலைநகருக்குக் கொண்டுபோகும் படகு அது. வானொலியில் மூன்று முறை அழைத்தோம். அவர்களிடம் வானொலியே இருந்திருக்காது. ஊதுகுழலை ஒலித்தோம். எங்கள் தளத்தலைவர் அந்த அறையின் பக்கவாட்டில் நீண்டிருக்கும் திறந்த தளத்தில் நின்று இரண்டு கைகளையும் தலைக்கு மேலே வீசி, திரும்பிப் போங்கள், கரைக்குப் போங்கள் என்று காட்டினார். படகில் இருந்த நான்கு பேரும் எழுந்து நின்று, சிரித்துக்கொண்டே எங்களுக்குக் கையசைத்தார்கள். வணக்கம் சொல்கிறோம் என்று நினைத்துவிட்டார்கள்.

அவர்கள் கரையேற ஒன்றரை நாள் அவகாசம் இருந்தது, ஏறியிருப்பார்கள் என்றுதான் கப்பலில் எல்லோரும் பேசிக்கொண்டோம். நானும் அதையே நம்பிக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளைக்கோட்டுச் செவிலி எழுதியது:

முதற்பதிவு எழுதிய சகோதரருக்கும் கடலோடி ஐயாவுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நாம் எல்லோரும் எச்சரிக்கை போய்ச் சேர்ந்ததா, மக்கள் கேட்டார்களா என்பதிலேயே நின்றுவிடுகிறோம். அரசுக் கணக்கில் இறந்தவர்கள் 546 பேர். உள்ளூர் அதிகாரிகளிடம் கேட்டுத் தொகுத்த செய்தி நிறுவனக் கணக்கு ஆயிரத்தைத் தொட்டது. எந்தக் கணக்கை எடுத்துக்கொண்டாலும், அந்த ஊர்களில் அக்டோபர் 4ஆம் தேதியோடு எதுவும் முடிந்துவிடவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோதுதான் எங்களுடைய வேலையே தொடங்கியது.

போர்ட்-அ-பிமான் என்பது புயல் கரையேறிய லே ஆங்லேவுக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர். அங்கே காலரா நோயாளிகளுக்கு நடுவில் துளையிட்ட கட்டில், கீழே வாளி, பக்கத்தில் உப்புச் சர்க்கரைக் கரைசல். அவ்வளவுதான் இருந்தது. ஒருநாள் காலையில், மலையிலிருந்து ஒருவர் தன் மனைவியை ஒரு கதவின் மேல் கிடத்தி, மூன்று பேர் உதவியோடு தூக்கிக்கொண்டு வந்தார். நீலம் பூசிய கதவு. தாழ்ப்பாள் அதிலேயே இருந்தது, நடக்கும்போது கிலுகிலுவென்று ஆடிற்று. நாங்கள் அந்த அம்மாவைக் கட்டிலுக்கு மாற்றிக் கையில் ஊசி ஏற்றிக்கொண்டிருந்தபோது அவருடைய கணவர் என் தோளைத் தொட்டுக் கதவைக் கேட்டார். நோய்க்கழிவு பட்டதைத் தரக்கூடாது என்று மறுத்தேன். அவர் கெஞ்சவும் இல்லை, கோபப்படவும் இல்லை. வீட்டில் மிஞ்சியது அதுதான் என்று மட்டும் சொன்னார். பிறகு நானே குளோரின் கரைசலை ஊற்றித் தேய்த்தேன். அது காயும்வரை இரண்டு மணி நேரம் வெயிலில், கதவின் பக்கத்திலேயே அவர் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் அவர் மனைவி எழுந்து உட்கார்ந்தார்.

2010 அக்டோபருக்கு முன்னால் அந்த நாட்டில் நூறாண்டுக்கும் மேலாகக் காலரா இருந்ததில்லை. அது ஐ.நா. அமைதிப்படையின் நேபாள அணி முகாமின் கழிவிலிருந்து ஆற்றில் கலந்தது என்பதும் உலகம் அறிந்ததுதான். புயல் புதிதாக ஒன்றையும் கொண்டுவரவில்லை, கிணறுகளை உடைத்து அந்தப் பழைய நஞ்சுக்கு வழிவிட்டது.

வேர்வணிகர் எழுதியது:

நான் 2013இல் வெட்டிவேர் எண்ணெய் வாங்குவதற்காக லே காய் சென்றேன். அங்கே ஒரு விவசாயி தன் வயலைக் காட்டி 'வெட்டிவே' என்றார். நம் சொல் பிரெஞ்சு வழியாகப் போய் அவர் வாயில் குடியிருந்ததைக் கேட்டதும் கண் கலங்கிற்று. என் அனுபவம் இவ்வளவுதான். ஆனால் முதற்பதிவில் தம்பி தகடுகளைப் பற்றி எழுதியதால் சில விஷயங்களைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

காற்று கூரையை மேலிருந்து அழுத்தி உடைப்பதில்லை, உறிஞ்சித் தூக்குகிறது. ஓரங்களிலும் முகட்டிலும்தான் இழுப்பு மிக அதிகம். ஆகவே அங்கே ஆணிகள் நெருக்கமாக இருக்க வேண்டும், அதுவும் வழவழப்பான ஆணி கூடாது, வாசர் போட்ட திருகாணியாக இருக்க வேண்டும். கைமரத்தைச் சுவரின் மேல் வெறுமனே வைத்துவிடாமல், இரும்புப் பட்டையால் சுவரோடு பிணைக்க வேண்டும். இரண்டு பக்கம் சரியும் கூரையைவிட நான்கு பக்கமும் சரியும் கூரை காற்றுக்கு நன்றாகத் தாக்குப்பிடிக்கும். சரிவு மிகத் தட்டையாக இருக்கலாகாது. தாழ்வாரத்தின் கூரையை வீட்டுக் கூரையோடு சேர்க்காமல் தனியாக அமைத்தால், தாழ்வாரம் பிய்த்துக்கொண்டு போனாலும் வீடு நிற்கும். காற்று வரும் பக்கத்துச் சன்னல் உடைந்தால் உள்ளே புகுந்த காற்று கூரையைக் கீழிருந்து தள்ளும் என்பதால் சன்னலுக்குப் பலகை வேண்டும். இவை எதுவும் பெரிய செலவல்ல.

இன்னொன்று, மலைச்சரிவில் சம உயரக் கோடுகளில் வெட்டிவேரை வரிசையாக நட்டால் அது மண்ணை இறுக்கிப் பிடிக்கும். உலகின் வெட்டிவேர் எண்ணெயில் பெரும்பகுதியைத் தருகிற நாடு அது. அந்த மண்ணுக்கு வேலியும் அந்தச் செடியே ஆகலாம். அதே மேத்யூ அக்டோபர் 4ஆம் தேதி மாலையே கியூபாவின் பராகோவாவைத் தாக்கி ஊரை நொறுக்கியது, ஆனால் அங்கே நூற்றுக்கணக்கில் சாகவில்லை. லட்சக்கணக்கானோரை முன்கூட்டியே அப்புறப்படுத்தியிருந்தார்கள். ஒழுங்கு இருந்தால் முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

மலைச்சரிவு எழுதியது:

வேர்வணிகர் ஐயா மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் வெட்டிவேரைப் பற்றி அவர் சொன்னதில் பாதிதான் உண்மை. செடி நிலத்தில் இருக்கும்வரைதான் அது மண்ணைப் பிடிக்கும். எண்ணெய் வேண்டுமென்றால் வேரைத் தோண்டியே ஆக வேண்டும், தோண்டிய சரிவு உழுத நிலத்தைப்போல் பொலபொலவென்று ஆகிவிடும். நல்ல எண்ணெய்க்கு வேர் ஒன்றரை ஆண்டாவது முதிர வேண்டும். கையில் காசில்லாத குடும்பம் அவ்வளவு காலம் காத்திருக்காது.

2017இல் காம்-பெரான் மலைப்பகுதியில் பயிர்ச்சேதம் பார்க்கப் போயிருந்தேன். புயலில் சீமைப்பலா, மா, வாழை எல்லாம் சாய்ந்துவிட்டன. சாய்ந்த மரங்களைச் சுட்டுக் கரியாக்கிச் சில மாதங்கள் வயிற்றைக் கழுவினார்கள், பிறகு சுடுவதற்கும் மரம் இல்லை. ஒரு சரிவில், மழை தூறிக்கொண்டிருந்தபோது, ஒருவர் பத்து மாதம்கூட ஆகாத வேரைத் தோண்டிக்கொண்டிருந்தார். கோடையில் நம் வீட்டுச் சன்னலில் நனைத்துக் கட்டும் தட்டியின் மணம் அந்த மலை முழுக்க வீசியது. அவர் காலடியில் செம்மண் கரைந்து ஓடிற்று. இன்னும் எட்டு மாதம் விட்டால் விலை கூடுமே என்று கேட்டேன். பள்ளிக் கட்டணத்துக்கு எட்டு மாதம் தவணை தருவார்களா என்று அவர் திருப்பிக் கேட்டார்.

கியூபாவோடு ஒப்பிடுவதும் எனக்கு ஏற்புடையதாக இல்லை. அங்கே அப்புறப்படுத்துவதற்குப் பேருந்து இருந்தது, போய்ச் சேருவதற்குக் காங்கிரீட் கட்டடம் இருந்தது, விட்டுவிட்டு வந்த வீட்டைக் காவல் காக்க ஆள் இருந்தது. ஹைட்டி மக்களிடம் ஒழுங்கு இல்லை என்று பொருள்படும்படி எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நீலத்தொப்பி எழுதியது:

ஐ.நா. பணியில் இந்தியக் காவல் அணியோடு அங்கே இருந்தேன். செவிலி சகோதரி முகாமைப் பற்றி எழுதியதைப் படித்தேன். முதலில் பதில் எழுத மனம் வரவில்லை, அதனால் இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன்.

பெத்தி குவாவ் பாலம் அக்டோபர் 4ஆம் தேதி வெள்ளத்தில் விழுந்ததும் தென் தீபகற்பத்துக்கான சாலை அறுந்துவிட்டது. ஆற்றை மக்கள் நடந்தே கடந்தார்கள், தலையில் மெத்தை, தோளில் குழந்தை, இடுப்பளவு பழுப்புத் தண்ணீர். நாங்கள் கரையில் குடிநீர்ப் புட்டி கொடுத்துக்கொண்டிருந்தோம். கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் என் கையிலிருந்து புட்டியை வாங்கினார். மூடியைத் திறந்தார், முகர்ந்தார், என் தலையில் இருந்த நீலத் தொப்பியைப் பார்த்தார். பிறகு முழுவதையும் மெதுவாகத் தரையில் ஊற்றிவிட்டு, வெறும் புட்டியை மட்டும் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தார்.

காலராவைக் கொண்டுவந்தது எங்கள் அணி அல்ல, எங்கள் நாடும் அல்ல. அதை அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கலாம் என்று அன்று இரவு தோன்றியது. சொல்லியிருந்தால் அவருக்கு என்ன ஆகியிருக்கும்? ஆறாண்டுகளாக அந்தத் தொப்பியை அணிந்தவர்களின் நாடுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. அந்த ஆண்டு டிசம்பரில் ஐ.நா. பொதுச்செயலாளர் காலராவுக்காக மன்னிப்புக் கேட்டபோது எனக்கு அந்த ஈரத் தரைதான் கண்முன் வந்தது.

முதற்பதிவு எழுதியவரிடம் ஒரு கேள்வி. அந்தப் பாட்டி என்ன ஆனார்?

தண்ணீர்க்குழாய் எழுதியது:

கேட்பீர்கள் என்று தெரியும். ஆறாம் நாள்தான் லா சவானுக்குள் போக முடிந்தது. தெருவெங்கும் அலை கொண்டுவந்த மணலும் கிழிந்த தகடுகளும் கிடந்தன, கால் வைக்கப் பயமாக இருந்தது. அவருடைய வீட்டில் சுவர்கள் முக்கால்வாசி நின்றன, கூரை இல்லை. ஆனால் கைமரங்களில் ஆணி பிடுங்கிய துளைகள் சுத்தமாக இருந்தன, மரம் பிளந்திருக்கவில்லை. காற்று பிடுங்கியிருந்தால் அப்படி இருக்காது. யாரோ சுத்தியலால் ஒவ்வொன்றாகக் கழற்றியிருக்கிறார்கள். நாங்கள் போன பிறகு, இருட்டில், அந்த மழையில்.

வீட்டுக்குப் பின்னாலிருந்த பள்ளத்தில் தகடுகளை அடுக்கி மேலே பாறாங்கற்களை வைத்திருந்தார்கள். எங்கள் அணியில் அன்று ஆறு பேர் இருந்தோம், வண்டியில் சுத்தியலும் இருந்தது. அரைமணி நேர வேலை. அவர் கேட்டது அதைத்தான் என்பது எனக்கு அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் நின்றபோதுதான் புரிந்தது.

பத்து வயதுப் பையன் ஒருவன் அந்தக் கற்களின் மேல் உட்கார்ந்திருந்தான். பாட்டி எங்கே என்று கேட்டோம். மகளைத் தேடி ஜெரெமிப் பக்கம் போயிருக்கிறார், திரும்பி வரும்வரை பார்த்துக்கொள்ளச் சொன்னார் என்றான். அந்தப் பக்கம் போன யாரும் அதுவரை திரும்பியிருக்கவில்லை, தொலைபேசியும் கிடையாது. எத்தனை தகடுகள் இருக்கின்றன என்று உள்ளூர் இளைஞர் அவனிடம் கேட்டார். அவன் இறங்கி, விரலால் ஒவ்வொன்றின் விளிம்பையும் தொட்டுத் தொட்டு எண்ணினான். ஏழு வந்தது. எங்களை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து எண்ணத் தொடங்கினான்.