'மா' என்ற பெயரை முன்வைத்து: 'பெயர்தெரிப்பு' என்னும் கலைச்சொல் பற்றி

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். ஒரே பெயர் தாங்கிய பல ஊர்களையும் ஆட்களையும் வாசகர் பிரித்தறிவதற்காக எழுதப்படும் பட்டியல் பக்கத்துக்கும், அவ்வாறு பிரித்துக் காட்டும் செயலுக்கும் உரிய தமிழ்ச்சொல் எது என்ற இழையைத் தொடக்கத்திலிருந்து படித்தேன். தமிழ் விக்கிப்பீடியாவில் வழங்கும் 'பக்கவழி நெறிப்படுத்தல்' என்பதையே கொள்ளலாம் என்று சிலரும், 'கவர்பொருள் நீக்கம்', 'மயக்க நீக்கம்' ஆகியவற்றில் ஒன்றை ஏற்கலாம் என்று வேறு சிலரும் எழுதியிருக்கிறீர்கள். நான் 'பெயர்தெரிப்பு' என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

'பக்கவழி நெறிப்படுத்தல்' என்ற சொல்லை உழைத்து உருவாக்கியவர்கள்மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆயினும் அது வாசகரை இன்னொரு பக்கத்துக்கு அனுப்பும் வேலையை மட்டுமே சொல்கிறது. பெயருக்கு என்ன நேர்கிறது என்பதைச் சொல்லவில்லை. நிலப்படத்தின் பின்னிணைப்பிலும் நூலகப் பட்டியலிலும் இதே வேலை நடக்கிறது, அங்கே பக்கவழி எதுவும் இல்லை. 'நீக்கம்' என்று முடியும் சொற்களில் எனக்குள்ள தடை வேறு. ஒரு பெயரைப் பலர் தாங்குவது பிழையன்று; அங்கே நீக்குவதற்கு எதுவுமில்லை.

'மா' என்ற ஓரெழுத்துப் பெயரையே எடுத்துக்கொள்வோம். 1955இல் பாரிசில் பிறந்த செல்லோ இசைக்கலைஞர் யோ-யோ மா, அலிபாபா நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் முதன்மையானவரான ஜாக் மா, 2008 முதல் 2016 வரை தைவானின் அதிபராக இருந்த மா யிங்-சியோ ஆகிய மூவருக்கும் அது குடும்பப்பெயர். 15ஆம் நூற்றாண்டில் இந்தியப் பெருங்கடலில் பெரும் கப்பற்படையை நடத்திவந்த செங் ஹேயும் பிறப்பால் மா குடும்பத்தவரே. அவருடைய பயணங்களில் உடன் வந்து, கண்ட நாடுகளைப் பற்றி எழுதிவைத்தவர் பெயர் மா ஹுவான். சீன எழுத்தில் இந்த மா என்பதற்குக் குதிரை என்று பொருள். நம் மொழியிலும் மா என்பது குதிரையைக் குறிக்கும் என்பது வெறும் ஒலி ஒற்றுமைதான் என்றாலும், முதன்முதலில் அறிந்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. சீனத்தில் வேறோர் எழுத்தால் வேறு தொனியில் எழுதப்படும் இன்னொரு மா குடும்பப்பெயரும் உண்டு; தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. வியட்நாமிலும் லாவோசிலும் ஓடும் ஆறு ஒன்றின் பெயர் மா. இன்றைய துருக்கியில் இருந்த கொமானா என்னும் பழைய நகரில் வழிபடப்பட்ட பெண் தெய்வத்தின் பெயரும் மா.

இந்த 'மா'வைத்தான் தொல்காப்பிய உரையாசிரியர்களும் எடுத்துக்காட்டினார்கள் என்பது என் வாதத்தின் உயிர்நிலை. சொல்லதிகாரத்தின் கிளவியாக்கம் என்னும் இயல் பலபொருள் ஒருசொல்லை இரண்டாகப் பிரிக்கிறது. வினையால் வேறுபடுவது முதல் வகை. 'மா பூத்தது' என்றால் மரம் என்பது தானே விளங்கும். அவ்வகைச் சொல்லின் பொருள் 'வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும்' தெளிவாகும் என்று நூற்பா சொல்கிறது. 'மாவும் மருதும் ஓங்கின' என்னும்போது உடன் வந்த மருது இனத்தால் உணர்த்துகிறது. கவசம் அணிந்து நிற்பவன் 'மா கொண்டு வா' என்றால், குதிரை என்பதைச் சார்பு உணர்த்துகிறது. வினையால் வேறுபடாதது இரண்டாம் வகை. 'மா வீழ்ந்தது' என்பதில் மரமும் விழலாம், விலங்கும் விழலாம் ஆதலால், 'மாமரம் வீழ்ந்தது' என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அதை அடுத்து வருவதுதான் 'குறித்தோன் கூற்றம் தெரித்துமொழி கிளவி' என்ற நூற்பா. தான் குறித்த பொருளைச் சொல்பவனே தெரியச் சொல்ல வேண்டும் என்ற அந்தக் கடமைதான் நாம் பெயர் தேடிக்கொண்டிருக்கும் செயல். 'தெரித்தல்' என்ற வினையை நான் எடுத்த இடமும் அதுவே.

தலைப்பில் பெயருக்குப் பின் அடைப்புக்குறிக்குள் என்ன எழுதுவது என்ற நம் பழைய சிக்கலுக்கும் வினை, இனம், சார்பு என்ற அந்த மூன்று வழிகளே போதும் என்று கருதுகிறேன். மா (ஆறு), மா (குடும்பப்பெயர்), மா (தெய்வம்) என்பவை இனத்தால் தெரிப்பவை. ஒரே இனத்துக்குள் பெயர் ஒத்திருந்தால் ஊர்களுக்குச் சார்பும் ஆட்களுக்கு அவர்கள் செய்த வினையும் துணைக்கு வரும். அடைப்புக்குறிக்குள் இடும் அச்சொல்லைத் 'தெரிப்புச்சொல்' என்றும், பட்டியலைத் 'தெரிப்புப் பக்கம்' என்றும் அழைக்கலாம்.

ஆங்கிலப் பக்கத்தை அப்படியே மொழிபெயர்த்தால் போதாதா என்ற கேள்வியும் எழுந்தது. போதாது. செங் ஹே 1409ஆம் ஆண்டு நாளிட்டுச் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளில் பொறித்த கல்வெட்டு, 1911இல் இலங்கையின் காலி நகரில் கிடைத்தது. கொலம்பியா நாட்டிலும் காலி என்றொரு பெருநகரம் உண்டு. உரோமன் எழுத்தில் இவ்விரு ஊர்களும் (Galle, Cali) குழம்புவதே இல்லை. நம் எழுத்தில் மட்டுமே ஒன்றாகின்றன. இராசத்தானின் பாலி மாவட்டத்தில் பாலி என்றொரு ஊர் இருக்கிறது. அங்கே அவை, மாவட்டத்தின் பெயர் வல்லொலியிலும் (Pali) ஊரின் பெயர் மெல்லொலியிலும் (Bali) தொடங்கும் இரண்டு வேறு பெயர்கள். இந்தோனேசியத் தீவான பாலியையும் சேர்த்தால் தமிழில் மூன்றும் ஒன்றே. இங்கே சார்பை மட்டும் நம்பி 'பாலி (பாலி மாவட்டம்)' என்று எழுதினால் பயனில்லை. மாநிலத்தையும் சொல்லியாக வேண்டும். மறுபுறம், நம் மணியும், 3ஆம் நூற்றாண்டுப் பாரசீகச் சமயத் தலைவரான மானியும், கிரேக்கத்தின் தென்முனையில் உள்ள மானி தீவக்குறையும் உரோமன் எழுத்தில் ஒரே பட்டியலில் நிற்பவை. தமிழில் மணி தனியே பிரிந்துவிடுகிறது. ஆகவே தெரிப்புப் பக்கத்தை அந்தந்த மொழியின் எழுத்துமுறையே தீர்மானிக்கிறது.

என் சொல்லில் நான் உணரும் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பேச்சில் 'தெரிப்பு' என்பது 'தெறிப்பு' என்று கேட்கக்கூடும். 'பெயர்' என்பதை முன்னே சேர்த்ததற்கு அதுவும் ஒரு காரணம். இலங்கையில் தேர்ந்தெடுத்தலுக்குத் 'தெரிவு' என்ற சொல் பெருவழக்காக இருப்பதால், 'பெயர்தெரிப்பு' என்றதும் பெயரைத் தேர்ந்தெடுத்தல் என்ற பொருள் அங்குள்ள வாசகர்களுக்குத் தோன்றுமா என்ற ஐயம் எனக்கு இருக்கிறது. அவ்வாறு தோன்றுமாயின், 'பெயர் தெரித்துமொழிதல்' என்ற நீண்ட வடிவத்தை ஏற்கவும் எனக்குத் தடையில்லை. இலங்கை நண்பர்கள் இதுபற்றித் தங்கள் கருத்தை எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்.