மால்ஃபார்ம்டு பேட்ச்: தமிழில் என்ன போடலாம்?

அனைவருக்கும் வணக்கம்.
கோப்புகளின் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கிட் (Git) மென்பொருள் பற்றி மாணவர்களுக்குக் கையேடு எழுதுகிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பேட்ச் கோப்பில் (எந்த வரிகளை எப்படி மாற்ற வேண்டும் என்று சொல்லும் கோப்பு) ஒரு வரியைக் கையால் நீக்கிவிட்டு, தலைப்பிலுள்ள வரி எண்ணிக்கையை மாற்ற மறந்தால் கிட் 'கரப்ட்' என்கிறது. அதே தவற்றை, பேட்ச் கோப்புப்படி மாற்றங்களைச் செய்யும் க்னூ பேட்ச் என்ற நிரல் 'மால்ஃபார்ம்டு' என்கிறது. முதலாவதற்குச் 'சிதைந்த' போட்டுவிட்டேன். இரண்டாவதற்கு?
- க.

உருக்குலைந்த.
- செ.

> உருக்குலைந்த
குலைய வேண்டுமென்றால் முன்பு உரு ஒழுங்காக இருந்திருக்க வேண்டும். எழுதும்போதே கோணலாகப் போன கோப்புக்கும் பொருந்த வேண்டுமே? அப்புறம், 'முறைகெட்ட கோப்பு' என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள், வகுப்பே சிரிக்கும்.
- தே.

இரண்டுக்கும் சிதைவே போதும். தொல்காப்பிய மரபியல் நூற்குற்றங்களைச் 'சிதைவெனப் படுபவை' என்றுதான் தொடங்குகிறது. குன்றக் கூறல், அதாவது சொல்ல வேண்டியதைக் குறைத்துச் சொல்வது, அதில் ஒன்று. ஏழு வரி என்று தலைப்பில் சொல்லிவிட்டு ஆறு தந்தால் அது குன்றக் கூறல் அல்லாமல் வேறென்ன? கோணலான உள்ளீட்டைப் பக்குவமாகக் கையாள்வதற்கும் சொல் தயாராக இருக்கிறது: வழுவமைதி. பசுவை 'என் அம்மை வந்தாள்' என்பது திணை வழு. உவப்பினால் சொன்னது என்று இலக்கணம் அதை ஏற்றுக்கொள்கிறதே!
- மு.

ஐயா, வட்டு பழுதாகி பைட் மாறியதற்கும் ஆள் தப்பாக எழுதியதற்கும் ஒரே சொல் என்றால் மாணவர் குழம்பிப்போவார். முதலாவதற்கு வேறு நகலிலிருந்து கோப்பை மீட்க வேண்டும். இரண்டாவதற்கு எழுதியவரே திருத்தினால் போதும்.
- செ.

வழுவமைதியும் ஒட்டவில்லை. உள்ளீடு தவறாக இருந்தால், வெளித்தரவை மொத்தமாக உள்ளே கொண்டுவரும் கிட்டின் ஃபாஸ்ட்-இம்போர்ட் கட்டளை அதை ஏற்றுக்கொள்வதில்லை. ஓர் அறிக்கைக் கோப்பை எழுதி வைத்துவிட்டு நின்றுவிடுகிறது. எனக்கு அதுதான் பக்குவம். தவிர, 'வழு' என்றாலே கணினிக்காரர்களுக்கு பக் (நிரல் பிழை) தான் நினைவுக்கு வரும்.
- தே.

ஓரிடத்தில் ஐயாவின் சொல் பொருந்தும். பழைய கிட் களஞ்சியங்கள் சிலவற்றில், ட்ரீ பொருளுக்குள் (ஓர் அடைவிலுள்ள கோப்புகளின் பட்டியல்) கோப்பு மோடு எண்ணுக்கு (கோப்பின் வகையையும் அனுமதியையும் குறிப்பது) முன்னால் வேண்டாத சுழியம் இருக்கும். களஞ்சியத்தைச் சோதிக்கும் எஃப்எஸ்சிகே கட்டளை அதைப் பிழை என்று தள்ளாமல் எச்சரிக்கையோடு விட்டுவிடுகிறது. திருத்தப் போனால் ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) மாறும், பின்னால் வந்த கமிட்டுகள் (மாற்றப் பதிவுகள்) அத்தனையும் மாறும். தவறுதான், ஆனால் காரணத்தோடு பொறுத்துக்கொள்ளும் தவறு.
- செ.

அப்படிச் சொல்லுங்கள்! அதற்கு ஓர் உள்தலைப்பே போடலாம்.
- மு.

உள்தலைப்புக்கு இடமில்லை ஐயா, அடிக்குறிப்பில் சேர்க்கிறேன். மால்ஃபார்ம்டுக்கு 'வடிவம் பிழைத்த' என்று தே. தனிமடலில் சொன்னார், செ.யும் சரி என்கிறார். அதையே போடட்டுமா?
- க.

பிழைத்தல் என்றால் உயிர் தப்புதலும்தான். வடிவம் பிழைத்துக்கொண்டது என்றால் மாணவன் மகிழ்ச்சியாக அடுத்த பாடத்துக்குப் போய்விடுவான்.
- மு.

சரி, 'வடிவப்பிழையுள்ள பேட்ச்'. நீளம்தான், இருந்தாலும் புரிகிறது. இன்றிரவு அச்சகத்துக்கு அனுப்புகிறேன்.
- க.

அனுப்புங்கள். நான் இன்னும் சிதைவுக் கட்சிதான்.
- மு.