கால்கள் இயங்காத நிலையில் ஜாஸ் டிரம்ஸ்: டொகாஷி மசாஹிகோ பற்றி ஒரு கேள்வி

ஹலசூருவாசி:
வணக்கம். பெங்களூரு ஃபிரேசர் டவுனில் ஒரு சர்ச் பாடகர் குழுவுக்கு டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தவன் நான். ஓசூர் சாலையில் நடந்த பைக் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே அசைவு போய்விட்டது. டிரம் செட் வீட்டில் போர்வைக்குள் கிடக்கிறது. அதை விற்கப் போகிறேன் என்றதும் நண்பன் ஒருவன், "டொகாஷி மசாஹிகோ என்ற ஜப்பானியர் கால்கள் செயலிழந்த பிறகும் வாசித்தார், அதைக் கேட்டுவிட்டு விற்றுக்கொள்" என்றான். உண்மையா? பெடல் இல்லாமல் எப்படி முடியும்? இப்போது ஓர் ஆசிரியரைத் தேடினால் சேர்த்துக்கொள்வார்களா? ஒரு வகுப்பில் விசாரித்தேன். இரண்டாம் மாடி, லிஃப்ட் இல்லை, அதோடு பேச்சு முடிந்தது.

கஞ்சிராப் பித்தன்:
தம்பி, எதற்கு இந்தப் பாடு? காலே தேவைப்படாத தாளவாத்தியங்கள் நம்மிடம் எத்தனை இருக்கின்றன! மிருதங்கம், கஞ்சிரா, கடம், எதுவும் கற்கலாம். உங்கள் ஊரிலேயே டி.ஏ.எஸ். மணி 1964-இல் தொடங்கிய கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் இருக்கிறது. டொகாஷி வாசித்தது தாளக்கட்டே இல்லாத ஃப்ரீ ஜாஸ். அதில் கால் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? சர்ச் பாட்டுக்கு அது உதவாது.

கூக் டவுன் டிரம்ஸ் வாத்தியார்:
பித்தன் சாரின் நல்லெண்ணத்தை மதிக்கிறேன், ஆலோசனையை ஏற்க மாட்டேன். மிருதங்கத்துக்குச் சம்மணமிட்டு, வலது காலை முட்டுக் கொடுத்து, வாத்தியத்தை மடியோரம் அணைக்க வேண்டும். முதுகுத்தண்டு அடிபட்டவர் சாய்மானம் இல்லாமல் தரையில் உட்கார்ந்து பார்க்கட்டும், தெரியும். கஞ்சிரா சரி. ஆனால் அவர் கேட்டது டிரம்ஸ்.

டொகாஷி 1940-இல் டோக்கியோவில் பிறந்தவர். சிறுவயதில் வயலின் கற்றார். அப்பாவின் ஸ்விங் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசித்துத்தான் தொழிலுக்கே வந்தார். 1950களில் சடாவோ வடனாபே, டொஷிகோ அகியோஷி போன்ற பெரிய ஆட்களோடு வாசித்துவிட்டார். (இந்த டொஷிகோவை மணந்திருந்த சாக்ஸஃபோன் கலைஞர் சார்லி மரியானோதான் பிற்பாடு பித்தன் சார் சொன்ன கர்நாடகா காலேஜோடு சேர்ந்து 1983-இல் "ஜோதி" இசைத்தட்டை வெளியிட்டவர். உலகம் சிறியது.) 1960களின் நடுவில் பியானோ கலைஞர் யோசுகே யமாஷிதாவோடு சேர்ந்து ஜப்பானில் ஃப்ரீ ஜாஸுக்குப் பாதை போட்டார். முதுகுத்தண்டில் காயம்பட்டபோது வயது முப்பதை ஒட்டி இருக்கும்.

ஜாஸ் டிரம்மரின் கால்கள் என்ன செய்கின்றன என்று பாருங்கள். வலது கால் பெடலை மிதித்து, தரையில் இருக்கும் பெரிய பேஸ் டிரம்மை மெல்லத் தொட்டுக்கொண்டே இருக்கும். இடது கால் இரண்டாவது, நான்காவது அடியில் ஹை-ஹாட் என்ற இரட்டைச் சிம்பலை "சிக்" என்று மூடும். இரண்டும் போனால் அடித்தளமே போய்விட்டது என்றுதான் எவரும் நினைப்பார். டொகாஷியோ கைகளுக்கு மட்டுமேயான ஒரு செட்டை வடிவமைத்துக்கொண்டார். அந்த இசைத்தட்டுகளைக் கேளுங்கள். ஒரு சிம்பலைத் தட்டிவிட்டு, ஒலி தேய்ந்து அடங்கும்வரை அடுத்த அடியை வைக்காமல் இருப்பார். இரண்டு கால்கள் ஓயாமல் நிரப்பிக்கொண்டிருந்த இடத்தைக் காலியாகவே விடுகிற துணிச்சல் அது. 1975-இன் "ஸ்பிரிச்சுவல் நேச்சர்" இசைத்தட்டிலிருந்து தொடங்குங்கள். 1979-இல் பாரிஸில் டான் செரி, சார்லி ஹேடன் இருவரோடும் பதிவுசெய்த "சாங் ஆஃப் சாயில்" அடுத்து. டிரம்பெட், டபுள் பேஸ், டிரம்ஸ், அவ்வளவுதான். ஒளிந்துகொள்ள இடமே கிடையாது.

இனி "தாளக்கட்டு இல்லாததால்தான் முடிந்தது" என்ற வாதம். 1990களில் மசாஹிகோ சாட்டோ (பியானோ), கோசுகே மினே (சாக்ஸஃபோன்), நொபுயோஷி இனோ (டபுள் பேஸ்) ஆகியோரோடு ஜே.ஜே. ஸ்பிரிட்ஸ் என்ற குழுவை வைத்து அவர் வாசித்தது பீபாப் என்ற ஜாஸ் வகை. ஓடுகிற வேகம், கறாரான தாளம். அதையும் கைகளாலேயே வாசித்தார். 2007-இல் இறந்தார். பித்தன் சார் இதைக் கேட்டுவிட்டு வந்து பேசட்டும்.

கஞ்சிராப் பித்தன்:
கேட்டேன். தாளம் இம்மியும் அசையவில்லை, வாயை மூடிக்கொள்கிறேன். ஆனால் அங்கே டபுள் பேஸ் காலத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. சர்ச்சில் யார் பிடிப்பார்கள்?

ஹலசூருவாசி:
சர்ச்சில் பேஸ் கிதார் வாசிக்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார், நல்ல கை. வாத்தியார் சார், கையால் அழுத்தும் எலெக்ட்ரானிக் பேடில் பேஸ் டிரம் ஒலியை வைத்து வாசிக்கலாம் என்று கடைக்காரர் சொல்கிறார். வாங்கட்டுமா?

கூக் டவுன் டிரம்ஸ் வாத்தியார்:
இப்போதைக்கு வேண்டாம். அதை வாங்கினால் பழைய வாசிப்பையே நகலெடுக்கப் பார்ப்பீர்கள், ஒரு கை எப்போதும் காலுக்குக் கூலி வேலை செய்யும். முதலில் ஸ்னேர் (மடிக்கு முன்னே வைக்கும் சிறிய டிரம்), ரைடு சிம்பல், ஃப்ளோர் டாம் (தரையில் நிற்கும் கனத்த ஒலி டிரம்) மூன்றும் போதும். வலது கை ரைடில் காலத்தை நடத்தட்டும், கனமான அடிகளை இடது கை ஃப்ளோர் டாமில் போடட்டும். ஆகவே ஃப்ளோர் டாமை இடப்பக்கம் மாற்றுங்கள். ஹை-ஹாட்டைப் பாதி மூடிய நிலையில் திருகி இறுக்கிவிட்டால் அதையும் குச்சியாலேயே வாசிக்கலாம். பேஸ் கிதார் அண்ணனோடு தனியாக உட்கார்ந்து பழகுங்கள். பாடகர் குழு பிறகு வரட்டும்.

உட்காருவதுதான் பெரிய விஷயம். சிம்பலுக்கு எட்டும்போது நாமெல்லாம் நம்மை அறியாமல் பாதத்தை ஊன்றிக்கொள்கிறோம். உங்களுக்கு அது இல்லை. சாயாமல் கை எட்டுகிற தூரத்துக்குள் எல்லாவற்றையும் இழுத்து, தாழ்த்தி வையுங்கள். சக்கர நாற்காலியின் கைப்பிடிகள் கழற்றக்கூடியவை என்றால் கழற்றுங்கள், ஸ்னேர் மடிக்கு அருகே வரும். பிரேக் போட மறக்க வேண்டாம். மார்புப் பட்டை தேவையா என்பதை உங்கள் பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள், அது என் துறை இல்லை.

என் வகுப்பு தரைத்தளம். வாசலில் ஒரு படி இருக்கிறது, பலகை போட்டுத் தருகிறேன். சனிக்கிழமை மாலை மட்டும் வேண்டாம், அப்போது சிறுவர்கள் வந்து காதைக் கிழிப்பார்கள்.