மகளின் புருவக் கட்டி: சத்திரசிகிச்சை செய்வித்த பெற்றோர் இருக்கிறீர்களா?

வணக்கம் உறவுகளே, நாங்கள் சுன்னாகம். மகளுக்கு 14 மாதம். பிறந்ததில் இருந்தே இடது புருவத்தின் வெளிமுனையில் பயறளவில் ஒரு கட்டி. இப்போது புளியங்கொட்டை அளவு. தொட்டால் அழமாட்டாள். மேல்தோல் நகரும், கட்டி மட்டும் எலும்போடு ஒட்டி நிற்கும்.

டேர்மொயிட் கட்டி என்கிறார் கண் டொக்டர். கருவில் எலும்புகள் பொருந்தும் இடத்தில் கொஞ்சம் தோல் அகப்பட்டு, உள்ளே எண்ணெய்ப்பசையும் சிலவேளை முடியும் சேர்ந்து மெல்ல வளருமாம். புற்றுநோய் இல்லை. ஆனால் அடிபட்டு உடைந்தால் அழற்சி வரும், பையோடு முழுதாக எடுக்க வேண்டும், மிச்சம் விட்டால் திரும்பவும் வரலாம் என்றார். பிள்ளை இப்போதுதான் நடை பழகுகிறாள். விழும்போதெல்லாம் நான் முதலில் பார்ப்பது அந்தப் புருவத்தைத்தான்.

அம்மம்மா பச்சிலை வைத்துக் கட்டச் சொல்கிறா. அதற்கு நான் சம்மதிக்கவில்லை.

உங்கள் பிள்ளைக்கு எந்த வயதில் எடுத்தீர்கள்? யாழ் போதனா வைத்தியசாலையிலா, கொழும்பு கண் ஆஸ்பத்திரியிலா? சிடி ஸ்கான் எடுக்கச் சொன்னார்களா? புருவ ஓரத்தில் வெட்டினார்களா, மேல் இமை மடிப்பிலா? தழும்பு இப்போது எப்படி இருக்கிறது? முழு மயக்கம் கொடுப்பதை நினைத்தால்தான் எனக்கு நித்திரையே வருவதில்லை. அந்த நாளைப் பற்றி கொஞ்சம் விரிவாக எழுதுங்கள்.