பாலக்காடு கொழிஞ்சாம்பாறை உறுமிக் குழு: ஆல்பத்துக்கு ரசிகர்கிட்ட காசு திரட்ட இணையத் தளமா (க்ரவுட்ஃபண்டிங்), நேரடி வசூலா?

கேள்வி: ஆறு பாட்டு, உறுமி, பம்பை, தவில். பதிவு கோவை ஸ்டுடியோவில. செலவு போக கையில 1,25,000 நிக்கணும். எந்த வழி?

சித்தூர்க் கணக்கு: தளம்தாங்க. இலக்கு எட்டினாத்தான் பணம் வரும், எட்டலன்னா கொடுத்தவங்களுக்கே திரும்பிரும், அந்த வகையாப் பாருங்க. அறுபதாயிரத்தோட நின்னு, மூணு பாட்டைப் பதிஞ்சுட்டு மிச்சத்துக்கு முழிக்க வேண்டாம். ஆனா இலக்கை 1,25,000னே போட்டுராதீங்க. தளம் 10% எடுக்குதுன்னு வைங்க. அதுக்கு 18% ஜிஎஸ்டி, ஆக 11.8. பணத்தை ஆன்லைன்ல வாங்கித் தர்ற பேமெண்ட் கேட்வே 2%, ஜிஎஸ்டியோட 2.36. காசு கொடுத்தவங்களுக்குத் தர்ற பரிசுப் பொருள், தபாலுக்கு 15. மொத்தம் 29 சொச்சம். இங்கதான் நிறையப் பேர் சறுக்கறாங்க: மேல 29% கூட்டி 1,61,000னு போடுவாங்க. அதுல 29% கழிஞ்சா நிக்கறது 1,14,000தான். 0.71ஆல வகுக்கணும்: 1,76,000.

வேலந்தாவளம் உறுமி: கணக்கு சரி, முடிவு தப்பு. அந்த 12% வாங்கிட்டுத் தளம் ஆளையா கூட்டிட்டு வருது? லிங்க்கை வாட்ஸ்அப்பில அனுப்பறது நீங்கதானே. பணம் அவங்க கையில கிடக்கறதும் ஆபத்து. பிளெட்ஜ்மியூசிக் பாட்டுக்காரங்களுக்குன்னே நடந்த தளம்; 2019ல மூழ்கினப்ப ரசிகர்கள் கட்டின காசு பல கலைஞர்களுக்கு வந்து சேரலை. கிக்ஸ்டார்ட்டர்ங்கற தளம் இந்தியாவில இருந்துக்கிட்டு வசூலை ஆரம்பிக்கவே விடாது. மலையாள சினிமா இயக்குநர் ஜான் ஆபிரகாமும் அவரோட ஒடேசா சினிமாக் கூட்டமும் கேரளத்தில ஊர் ஊராப் போய் ஜனங்ககிட்ட வசூலிச்சு 1986ல முழுநீளப் படமே கொண்டுவந்தாங்க. கோயில் நோம்பிக்கு உறுமி அடிக்கிற குழுவுக்கு மேடையோரம் ஒரு கியூஆர் அட்டை போதுங்க.

சித்தூர்க் கணக்கு: யாரோட அக்கவுண்டுக்கு? தனியாளோட சேமிப்புக் கணக்குன்னா வம்பு. 2023ல கேரளத்துக் கடைக்காரங்க கணக்கு எத்தனை முடங்குச்சு! மோசடிப் பணம் கை மாறி யுபிஐல வந்து விழும். வெளிமாநில சைபர் போலீஸ் சொன்னா பேங்க் நிறுத்திரும். காசு கட்டறவங்க 300 பேர்னு வைங்க, அதுல ஒருத்தர் அப்படி அமைஞ்சாப் போதும், ஸ்டுடியோவுக்கு வச்ச காசும் மாட்டிக்கும்.

வேலந்தாவளம் உறுமி: அது நிசம். குழு பேர்ல தனி கரண்ட் அக்கவுண்ட் வச்சுக்கணும்; பணம் சேரச் சேர ஸ்டுடியோ முன்பணத்தைக் கட்டிரணும். அதைவிட அடிக்கடி வர்ற தொல்லை பேருங்க. 'எஸ் குமார் 500'ன்னு வரும். எந்தக் குமார்? கட்டின கையோட 12 இலக்க யுடிஆர் நம்பர் (ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் வர்ற அடையாள எண்), முகவரி, பின்கோடு மூணையும் கூகுள் ஃபார்ம்ல வாங்கிருங்க. மறுநாள் கேட்டாப் பாதிப் பேர் போனை எடுக்க மாட்டாங்க.

மீனாட்சிபுரம்: ரெண்டு பேருமே பரிசை விட்டுட்டீங்களே. 500 ரூபாய்க்கு டீ-சர்ட்னு அறிவிக்கறாங்க. பிரிண்டோட சட்டை 230, கூரியர் 70, தளமும் கேட்வேயும் 71. மிச்சம் 129. அஞ்சு சைஸ், ரெண்டு கலர், பத்துக் கட்டு. கடைசியில டபுள் எக்ஸெல் மட்டும் மூட்டையாக் கிடக்கும். சிடி போட்டுக் கேட்க யார் வீட்டிலங்க மெஷின் இருக்கு? செலவில்லாததாக் கொடுங்க: ரிலீசுக்கு ஒரு வாரம் முந்திப் பாட்டு, பிறந்தநாளுக்குப் பேர் சொல்லி முப்பது செகண்ட் உறுமி. டீ-சர்ட் 1,000க்கு மேல கொடுக்கறவங்களுக்கு மட்டும். 'லாபத்துல பங்கு'ன்னு மட்டும் வாயே திறக்காதீங்க, முதலீடு திரட்டினதா ஆயிரும், பங்குச் சந்தையைக் கண்காணிக்கற செபியோட விதியெல்லாம் வந்து நிக்கும். சம்பளம் வர்ற முதல் வாரத்தில ஆரம்பிங்க. அம்பது பேர்கிட்ட முன்னாடியே சொல்லி வச்சு அன்னைக்கே கட்ட வைங்க. பூஜ்யத்தைப் பார்த்தா அடுத்தவங்களுக்குக் கை வராது. ரெண்டாவது வாரம் எப்படியும் படுத்துரும். தவில் டேக் (ஒரு தடவை வாசிச்ச பதிவு) ஒண்ணை அப்ப வெளியிடறதுக்குன்னு ஒளிச்சு வைங்க.

சித்தூர்க் கணக்கு: இலக்கு எட்டலன்னா, உறுமியண்ணா? 300 பேருக்கும் ஒண்ணொண்ணாத் திருப்புவீங்களா?

வேலந்தாவளம் உறுமி: ஒரே தடவையில நிறையப் பேருக்கு அனுப்ப பேங்க்ல பல்க் டிரான்ஸ்ஃபர் இருக்கே. ஆனா யுடிஆரை மட்டும் வச்சுக்கிட்டு அனுப்ப முடியாது. ஃபார்ம்ல அக்கவுண்ட் நம்பருக்கும் ஐஎஃப்எஸ்சிக்கும் கட்டம் சேர்க்கணும். அதை விட்டுட்டேன்.